வருமுன் காப்போம்: புற்றுநோயும் நம் அன்றாடப் பழக்கங்களும்

நம் சமுதாயத்தில் ஒரு நோயின் பெயரை மட்டும் உரக்கச் சொல்ல இன்னமும் தயங்குகிறோம். இனிப்புநீர் என்றால் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே பேசுவோம். இரத்த அழுத்தம் என்றால் மாத்திரையின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். ஆனால் புற்றுநோய் என்று வந்துவிட்டால் குரல் தாழ்ந்துவிடும். 'அந்த நோய்' என்போம், 'கட்டி' என்போம், 'ரொம்ப முடியலையாம்' என்று பேச்சை முடித்துவிடுவோம். பெயரைச் சொல்லவே அஞ்சும் ஒரு நோயைப் பற்றி, அது வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று எப்படிப் பேசப் போகிறோம்? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் கேள்விதான்.

மருத்துவம் படிக்கும் மாணவி அல்ல நான். ஆரம்பக் கல்வியைத் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் முடித்து, இன்று அறிவியல் துறையில் பயிலும் இருபத்திரண்டு வயதுப் பெண். ஆகவே மருத்துவ ஆலோசனை கூறுவது என் நோக்கமன்று. நம் வீடுகளிலும், நாம் தங்கியிருக்கும் விடுதிகளிலும், ஏன், நம் கழகத்தின் நிகழ்ச்சிகளிலும்கூட நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட சில பழக்கங்களைக் கேள்வி கேட்பதே என் நோக்கம்.

எண்கள் சொல்வது என்ன?

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் நம் நாட்டில் 115,238 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இந்த எண்ணிக்கை 103,507. பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும், ஆண்களிடையே பெருங்குடல் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் முன்னணியில் நிற்கின்றன. இவற்றைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறோர் எண். அந்த ஐந்தாண்டுகளில் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம் கட்டத்தையோ நான்காம் கட்டத்தையோ அடைந்த பிறகே தெரிய வந்திருக்கிறது. அதாவது மூவரில் இருவர் காலம் கடந்துதான் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் இன்னொரு செய்தியையும் சொல்கிறது. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக் கூடியவை. புகையிலை, மது, உடற்பருமன், உடலுழைப்பின்மை, காய்கறி பழங்கள் குறைந்த உணவு, சில கிருமித் தொற்றுகள், காற்று மாசு ஆகியவையே இவற்றுக்கான முக்கியக் காரணிகள். இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பல நம் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தடுக்கக் கூடியது என்றால், நோய் வந்தவர்கள் எல்லாரும் தவறு செய்தவர்கள் என்று பொருளல்ல. வயது கூடக் கூட உடலின் உயிரணுக்கள் பிரியும்போது பிழைகள் சேர்வது இயற்கை. சிலருக்கு மரபணு வழியாகவே அபாயம் வந்து சேர்கிறது. சைவ உணவு உண்டு, புகையும் மதுவும் தொடாதவருக்கும் இந்நோய் வருவதுண்டு. 'என்ன பாவம் செய்தாரோ' என்று நோயாளியின் காதுபடப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நோயைவிடக் கொடியது அந்தப் பேச்சு. நல்ல பழக்கங்கள் அபாயத்தைக் குறைக்கும். அடியோடு இல்லாமல் ஆக்கிவிடாது. காரில் ஏறியதும் இருக்கைப் பட்டையை அணிகிறோம். விபத்தே நேராது என்பதற்காக அல்ல, நேர்ந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்காக. நல்ல பழக்கத்தின் பயனையும் அவ்வாறே கருத வேண்டும்.

வெற்றிலைப் பையும் வாய்ப் புற்றுநோயும்

மலேசிய இந்தியர்களாகிய நாம் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு புற்றுநோய் உண்டு. அது வாய்ப் புற்றுநோய். இந்நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். ஆனால் வாய்ப் புற்றுநோய் விகிதத்தில் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களே, அதிலும் இந்தியப் பெண்களே, முன்னணியில் இருப்பதைப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. உலகின் பெரும்பாலான நாடுகளில் வாய்ப் புற்றுநோய் ஆண்களிடமே அதிகம். நம்மிடையே மட்டும் ஏன் பெண்கள்? நம் பாட்டிமார்களின் சுருக்குப் பைக்குள் இருக்கிறது பதில்.

வெற்றிலையை மட்டும் மென்றவர்கள் குறைவு. வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேரும், பெரும்பாலும் ஒரு துண்டுப் புகையிலையும் சேரும். புகையிலை சேர்த்த வெற்றிலை மெல்லுதல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1980களிலேயே உறுதி செய்யப்பட்டது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. புகையிலை இல்லாவிட்டாலும், பாக்கே மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. 'நான் போயிலை போடுறதில்லம்மா, வெறும் பாக்குதான்' என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது?

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் மூளைக்கு ஒருவகைச் சுறுசுறுப்பைத் தருகிறது. அதனால்தான் பழக்கம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் கன்னத்தில் அடக்கி வைத்து மெல்லும்போது வாயின் உட்தோல் கடினமாகி, வெளிறி, நார்போல் இறுகிவிடும். சிலருக்கு வாயை அகலத் திறக்கவே முடியாமல் போகும். காரமான குழம்பு பட்டால் எரியும். இவை புற்றுநோய்க்கு முந்தைய நிலைகள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும்.

என் பாட்டிக்கு வந்தது இந்த நோய்தான். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சிறு வயதிலேயே பால் வெட்டச் சென்றவர் அவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு இடப்பக்கக் கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. பல்செட்டு உராய்கிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். நல்லெண்ணெய் கொப்பளித்தார், மஞ்சள் வைத்தார். மாதங்கள் கடந்து மருத்துவமனைக்குச் சென்றபோது நான் நான்காம் படிவ மாணவி. மருத்துவர் மலாயில் பேசினார். பாட்டிக்குச் சந்தை மலாய் தெரியும். மருத்துவமனை மலாய் தெரியாது. வீட்டில் மலாய் நன்றாகத் தெரிந்தவள் என்று என்னை அருகில் நிறுத்திவிட்டார்கள். கதிரியக்கச் சிகிச்சைக்கு மலாயில் என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்தது, பாடநூலில் படித்திருந்தேன். அதைத் தமிழில் பாட்டிக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? 'வெளக்கு மாதிரி ஒன்னு காட்டுவாங்க பாட்டி' என்றேன். அவர் தலையாட்டினார்.

சிகிச்சை நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒருமுறை, எப்போதிருந்து வெற்றிலை போடுகிறீர்கள் என்று கேட்டேன். 'வெடிகாலையில பெரட்டுக்குப் போறப்ப வயித்துல ஒன்னும் இருக்காது. இதைப் போட்டாத்தான் பசி தெரியாது, தூக்கமும் வராது' என்றார். சற்று நேரம் கழித்து அவராகவே, 'தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனோ என்னமோ. ஆனா யாரும் சொல்லலையேம்மா' என்றார். பாட்டி இப்போது இல்லை. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னோடு இருக்கிறது.

இதனால்தான், பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது பழக்கத்தின் வேரையும் பேச வேண்டும் என்கிறேன். தோட்டத்துப் பெண்கள் ஆடம்பரத்துக்காக வெற்றிலை மெல்லவில்லை. அரை வயிற்றோடு இருட்டில் நெற்றி விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாய் ஓடியவர்களுக்கு அதுவே காலைப் பசியாறல். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பசி இல்லாத நம் தலைமுறையில், கலாசாரம் என்ற பெயரில் அதே பழக்கம் தொடர்ந்தால் குறை சொல்லத்தான் வேண்டும்.

'வெற்றிலை பாக்கு நம் பண்பாடல்லவா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், தாம்பூலத் தட்டு நம் பண்பாடுதான். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதும், வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்வதும் தொடரட்டும். தட்டில் வைப்பது மரியாதை. அதை நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி மெல்லுவது பழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு நமக்கு வேண்டும். தட்டைக் கைவிடாமலேயே மெல்லுவதைக் கைவிடலாம்.

உழைப்பு போனது, உணவின் அளவு போகவில்லை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டும், நம் மக்கள் நகர்ப்புறத்து மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த கதை நாமனைவரும் அறிந்ததே. அந்த மாற்றத்தின் பொருளாதாரப் பக்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உடற்பக்கத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. பால் வெட்டியவர் ஒரு நாளில் பல மைல் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், வாளி சுமந்தார். லயத்தின் பின்னால் முருங்கையும் பசலைக் கீரையும் இருந்தன. அவருடைய மகன் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறார் அல்லது பாதுகாவலராக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் கணினி முன் உட்கார்ந்திருக்கிறோம். உழைப்பு போய்விட்டது, தட்டிலிருக்கும் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் இருவரில் ஒருவர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர் என்றது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. உடற்பருமன் விகிதத்தில் இந்தியர்கள் முன்னிலையில் இருக்கிறோம் என்பது பெருமைப்படத்தக்க செய்தியல்ல. எடை கூடினால் இனிப்புநீர் வரும், இருதய நோய் வரும் என்று நாம் அறிவோம். புற்றுநோயும் வரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. குறைந்தது 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதிகக் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோயும், பெருங்குடல், கருப்பை, சிறுநீரகப் புற்றுநோய்களும் அவற்றுள் அடங்கும். உடலிலுள்ள கொழுப்பு வெறுமனே சேர்ந்து கிடக்கும் மூட்டையல்ல. அது ஈஸ்ட்ரோஜன் போன்ற சுரப்பிநீர்களை உண்டாக்குகிறது, இன்சுலின் அளவை உயர்த்துகிறது, உடலில் ஓயாத அழற்சியை ஏற்படுத்துகிறது. இவை உயிரணுக்களை வேகமாகப் பிரியத் தூண்டுகின்றன.

அதே 2019ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்பதும் தெரிய வந்தது. நாளொன்றுக்கு 400 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் சுகாதார அமைச்சு இதை எளிமையாக்கி, 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வாழையிலைச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கூட்டு, பொரியல், கீரை, பச்சடி, ரசம், மோர் எல்லாமே அதில் உண்டு. குறை இலையில் இல்லை. நடுவில் மலைபோல் குவியும் சோற்றிலும், ஓரத்தில் இரண்டு கரண்டியோடு நின்றுவிடும் காய்கறியிலும்தான் குறை. அளவை மாற்றினால் போதும். சமையலை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே நம் மாணவர் வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கழகக் கூட்டம் முடியும். உணவகம் மூடியிருக்கும். மாமாக் கடைதான் கதி. ரொட்டி சானாயும் மேகி கோரேங்கும் தே தாரேக்கும் உள்ளே போகும். அறைக்குத் திரும்பினால் உறக்கம். வாரத்தில் ஒரு நாள் என்றால் பரவாயில்லை. நான்கு நாள் என்றால் அது பழக்கம். ஒட்டுக்கடைகளில் சாசேஜ், பர்கர் இறைச்சி போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியும் அப்படித்தான். 2015இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அப்போது 'சாசேஜும் சிகரெட்டும் ஒன்றே' என்று பலர் பரப்பினார்கள். அது தவறான விளக்கம். ஒரே பட்டியலில் இருப்பது ஆதாரத்தின் உறுதியைக் காட்டுகிறது, ஆபத்தின் அளவையல்ல. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது என்பது கணக்கு. நூறு பேரில் ஐவருக்கு வரக்கூடியது ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அஞ்சி நடுங்க வேண்டாம்; தினசரி உணவாக ஆக்கிக்கொள்ளவும் வேண்டாம். பட்டம் பெறப் போகும் நாம் எண்களை இப்படிப் பொருளறிந்து படிக்கப் பழக வேண்டும்.

உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்பது நம் எல்லாரின் பல்லவி. வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு இருபது நிமிடத்திற்குச் சற்று அதிகம். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு வேகமாக நடந்து சென்று திரும்பினாலே பாதி நிறைவேறிவிடும்.

புகை, மது, நண்பர்கள்

புகையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நுரையீரலோடு நிற்காமல் வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீர்ப்பை, கருப்பை வாய் என உடலின் பல பாகங்களை அது தாக்குகிறது. 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்து, வேப் எனும் மின்சிகரெட்டையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும், பழ வாசனையோடு விற்கும் வேப்பை 'வெறும் ஆவிதானே' என்று இழுக்கும் நண்பர்கள் நம் வளாகத்தில் இல்லாமலில்லை. அந்த ஆவியில் நிக்கோட்டின் இருக்கிறது. வாசனை எதுவானாலும் பிடித்து வைப்பது அதுதான்.

மதுவைப் பற்றிப் பேசுவது இன்னும் சிரமம். ஏனெனில் அது நம் கொண்டாட்டங்களுக்குள் புகுந்துவிட்டது. கல்யாணத்திற்கு முதல் நாள் இரவு, தீபாவளி மாலை, ஏன், துக்க வீட்டிலும்கூட. மது வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய உறுப்புகளில் புற்றுநோயை உண்டாக்கும். உடலுக்குள் அது அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. புகையும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் கூட்டலாக அல்ல, பெருக்கலாகவே உயர்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறியது. 'எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சார்' என்று யாரேனும் சொன்னால், தொண்ணூறு வரை இருந்தவரைத்தான் நமக்குத் தெரியும், ஐம்பதில் போனவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

ஊசியும் பரிசோதனையும்

நல்ல பழக்கம் என்றால் உணவும் உடற்பயிற்சியும் மட்டுமல்ல. உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொள்வதும் பரிசோதனை செய்துகொள்வதும் பழக்கமே. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிக்கு எதிராக 1989 முதல் இந்நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி, 2010 முதல் 13 வயது மாணவியருக்கு இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது.

2016இல் நான் முதலாம் படிவத்தில் இருந்தபோது பள்ளியில் அதற்கான ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் மலாயில் இருந்தது. அம்மா, 'என்ன ஊசி இது?' என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்தவரை சொன்னேன், கையெழுத்துப் போட்டார். என் தோழியர் சிலரின் வீடுகளில், 'வயசுப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி?' என்று மறுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தாய்மார் அறிவில்லாதவர்கள் அல்லர். அவர்கள் மொழியில் யாரும் விளக்கவில்லை, அவ்வளவுதான். ஊசி போடும் வயதைக் கடந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பங்கேற்போடு தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொடுத்து எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ளும் முறை அறிமுகமானது. வெட்கத்தால் கிளினிக்கிற்கே போகாத நம் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி!

2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின்வழி, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்கள் இலவச மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெருங்குடல் புற்றுநோயின் தொடக்க அறிகுறியான, கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை மலப் பரிசோதனையில் கண்டறியும் வசதி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் உண்டு. மார்பகத்தில் கட்டி, காம்பில் கசிவு, தோலில் குழி போன்ற மாற்றங்கள் தெரிந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும். 2018இல் வெளியான மலேசியப் புற்றுநோய் உயிர்பிழைப்பு ஆய்வின்படி, மார்பகப் புற்றுநோயை முதற்கட்டத்தில் கண்டுகொண்டோரில் 87 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். நான்காம் கட்டத்தில் கண்டுகொண்டோரில் இது 23 விழுக்காடு மட்டுமே. நோய் ஒன்றுதான், போன நேரம்தான் வேறு.

ஆனால் நடப்பது என்ன? கட்டி தெரிந்ததும் முதலில் புலனத்தில் வந்த செய்திகளைத் தேடுகிறோம். வெந்நீரில் எலுமிச்சை, டுரியான் பெலண்டா இலைக் கஷாயம், ஏதோ ஓர் ஊரில் மூன்று வேளை மருந்தில் குணப்படுத்துபவர் என்று மாதங்கள் ஓடுகின்றன. அந்த இலைகள் மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நம்பத்தக்க மருத்துவச் சான்று எதுவும் இல்லை. கஷாயத்தின் தீங்கைவிட, அதைக் குடித்துக்கொண்டே இழக்கும் மாதங்களின் தீங்கு பெரிது. கோயிலுக்கும் செல்லுங்கள், வேண்டுதலும் வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நம் கழகம் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் சுகாதார அமைச்சின் வேலை, தமிழ்மொழிக் கழகத்திற்கு இதில் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்தில், இது தமிழ்க் கழகத்தின் வேலையேதான்.

மொழியை வளர்ப்பது என்றால் கவியரங்கமும் பட்டிமன்றமும் சிறுகதைப் போட்டியும் மட்டுமா? தமிழ்ப்பள்ளியில் படித்து, பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவியலைக் கற்ற நம்மைப் போன்றவர்கள் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறோம். மருத்துவரின் மொழியும் நமக்குப் புரிகிறது. பாட்டியின் மொழியும் புரிகிறது. இந்த வாய்ப்பு நம் பெற்றோருக்கு இல்லை. நமக்குப் பின்வரும் தலைமுறைக்கு இருக்குமா என்பதும் ஐயமே. இந்த நேரத்தில் நாம் பாலமாக நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?

ஆகவே நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மருத்துவம், பல் மருத்துவம், அறிவியல் பயிலும் மாணவர்களும் தமிழியல் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து, எளிய தமிழில் ஒரு சிறு கையேடு தயாரிக்கலாம். கருப்பை வாய், பெருங்குடல், திசுப் பரிசோதனை, கதிரியக்கச் சிகிச்சை போன்ற சொற்களைப் பாட்டிக்குப் புரியும் வாக்கியங்களில் விளக்கும் கையேடு. ஆசிரியர்களும் மருத்துவர்களும் சரிபார்த்த பிறகு அதை அச்சிடலாம்.

இரண்டாவது, ஆண்டுதோறும் நாம் தோட்டப்புறத்திற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடத்தும் சேவை முகாமில் வாய்ப் பரிசோதனைக்கு ஓர் அரை நாள் ஒதுக்கலாம். பல் மருத்துவ மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய தோட்டத்து மக்கள் இப்போது அடுக்குமாடிகளில் இருப்பதால் முகாமும் அங்கே போக வேண்டும்.

மூன்றாவது, நம் பொங்கல் விழாவிலும் கலை இரவிலும் இனிப்புப் பானப் பெட்டிகளுக்குப் பதிலாக நீரும் மோரும் வைக்கலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் தொண்டாற்றும்போதும் அவ்வாறே. பந்தலின் பெயரே தண்ணீர்ப் பந்தல்தானே! கூட்டங்களை இரவு ஒன்பதரைக்குள் முடித்தால், மாமாக் கடைக்குப் போகும் தேவையும் பாதி குறையும்.

நான்காவது கழகத்துக்கு அல்ல, உங்களுக்கு. அடுத்த முறை வீட்டிற்குச் செல்லும்போது ஒரு வேலை செய்யுங்கள். வெற்றிலை போடும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், கைப்பேசி வெளிச்சத்தில் அவர் வாயைப் பாருங்கள். நாற்பதைக் கடந்த அம்மாவையும் அப்பாவையும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தங்கை முதலாம் படிவத்தில் இருந்தால் ஊசிக்கான கடிதத்தைப் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். முன்னாள் மாணவர்களே, உங்கள் பிள்ளைகளுக்கும் உங்களுக்குமே இது பொருந்தும்.

முப்பது வயதில் புற்றுநோயைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அறுபதில் தெரியப்போகும் நோய் பெரும்பாலும் இருபதிலும் முப்பதிலும் தொடங்கிய பழக்கங்களிலிருந்து மெல்ல வளர்கிறது. என் பாட்டிக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. தெரிந்ததைத் தமிழில் சொல்வோம், நாமும் செய்து காட்டுவோம், நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.